அட்டையில் எழுதிய தேதி

பால்வண்ணநாதன் எழுதிய தேதியை எந்த வக்கீலும் அசைத்ததில்லை. இருபத்தாறு வருடம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். முதல் தகவல் அறிக்கையில் அவர் கைப்பட எழுதிய நாளும் நேரமும் மேல்கோர்ட்டு வரை போய் அப்படியே நின்றிருக்கின்றன. "பால்வண்ணம் எழுதுனதா? அப்பம் தேதியை விடுங்க, வேற எதையாவது புடிங்க" என்று வக்கீல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதுக்கே வந்திருக்கிறது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குத் தாம் தகுதியானவர் என்ற நினைப்பும் உண்டு.

அப்படிப்பட்டவர் தம் ஆயுளில் ஒரே ஒரு தேதியைத்தான் பொய்யாகச் சொன்னார். அது வழக்கில் இல்லை. தாயை இழந்த மூத்த மகள் முத்துசெல்வியின் கர்ப்ப அட்டையில்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குத்துக்கல்வலசையில் அவர் வீட்டில் வைத்து முத்துசெல்விக்கு வளையல் போட்டார்கள். அட்டைக் கணக்குப்படி ஒன்பதாம் மாதம். மருமகன் பாண்டி ராணுவத்தில் இருந்தான். பனி மலையில் காவல், வர முடியவில்லை. சம்பந்தி உலகம்மை கடையத்திலிருந்து இருபது பேரோடு வேனில் வந்து இறங்கினாள். மருமகளின் கன்னத்தில் சந்தனம் பூசியவள், வயிற்றை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒம்பதாம் மாச வயிறா இது? நாங்க சோறு போடாம அனுப்பி வச்ச மாதிரிலா இருக்கு."

"டாக்டரும் வளர்ச்சி கம்மின்னுதான் சொல்லுதாங்க, அத்தை" என்றாள் முத்துசெல்வி, தலை நிமிராமல்.

"தின்னாத்தானேட்டி வளரும். பாண்டி வயித்துல இருக்கயில நான் நடக்க முடியாம நடந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. பந்தலைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் வந்தவர்கள் போன பிறகு இளையவள் ஆனந்தவள்ளி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு சென்னைக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பால்வண்ணநாதன் "காலேஜ்ல பாடம் எடுக்கா" என்று முடித்துவிடுவார். உண்மையைச் சொல்ல அவருக்கு நா எழுவதில்லை. நாள் நிறையாத சினை ஆட்டை அறுவை செய்து, குட்டியை வெளியே எடுத்து, அது எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்கிற வேலை. குறைப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு எப்படி மூச்சுக் கொடுத்தால் பிழைக்கும் என்பதை முதலில் ஆட்டுக்குட்டியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்களாம். வருடா வருடம் சுடலைச் சாமிக்குக் கிடாய் வெட்டுகிற குடும்பம்தான். ஆனால் பெட்டை ஆட்டின் மேல் அந்தக் குடும்பத்து அரிவாள் பட்டதில்லை. சினை ஆடு என்றால் அதட்டிக்கூட ஓட்டமாட்டார்கள்.

"இந்தக் குட்டிக்கு ஏன் இப்படி நெஞ்சு உள்ள போவுது?" என்று முத்துசெல்வி கேட்பது அடுத்த அறையில் இருந்த அவருக்குக் கேட்டது.

"நுரையீரல் பழுக்கலைக்கா. நனைஞ்ச பாலித்தீன் பை ஒட்டிக்கிடுமே, அது மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதைப் பிரிச்சு மூச்சை இழுக்கணும். ஆட்டுக்கு நூத்தி நாப்பத்தேழு நாள் கணக்கு. இதை நூத்தி இருவத்தெட்டாம் நாள்லயே எடுத்துட்டோம். மூக்குல குழாய் இருக்கு பாரு, அது வழியாக் காத்து போய்க்கிட்டே இருக்கணும். இன்னொரு நுனி இந்தத் தண்ணிப் பாட்டிலுக்குள்ள கிடக்கும். குமிழி வந்தாக் காத்து போவுதுன்னு அர்த்தம். அவசரப்பட்டு ஊதுனாக் கிழிஞ்சிரும். ஊதாம விட்டா ஒட்டிரும்."

"பொழச்சுதா?"

"இதோட தாய்க்கு ஊசி போடலை. போட்டிருந்தாப் பொழச்சிருக்கும். பொறக்கதுக்கு ரெண்டு நாள் முன்னால தாய்க்கு ஒரு ஊசி போட்டா, அதே நாள் குட்டி தன்னால மூச்சு விடும். இப்பம் ஆஸ்பத்திரியில அரைகுறை மாசத்துல வலி வந்த பொம்பளைக்குப் போடுதாங்களே, அதே ஊசிதான். ஆட்டுக்குட்டியில பாத்துத்தான் மனுசங்களுக்கு வந்துது."

"நாள் எப்படிட்டி சரியாத் தெரியும்?"

"கிடா நெஞ்சுல காவியைக் குழப்பிப் பூசி விடுவோம். காலையில எந்த ஆட்டு முதுகுல காவி ஒட்டியிருக்கோ, அதுக்கு அன்னைக்கு நாள். அதை எழுதுத கை சரியா இருக்கணும்க்கா. நாள் தப்புனா எல்லாம் தப்பு. பச்சைக் குட்டியைப் பழுத்த குட்டின்னு நினைச்சுச் சும்மா விட்டுருவோம்."

முத்துசெல்வி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள்.

பால்வண்ணநாதன் வாசல்படியில் வந்து நின்றார். "ஏட்டி, நல்ல நாளும் அதுவுமாப் புள்ளத்தாச்சிட்ட என்ன கதை சொல்லுத? ஆடும் மனுசனும் ஒண்ணா?"

"மூச்சு ஒண்ணுதான்ப்பா."

"வாயை மூடு."

மறுநாளே ஆனந்தவள்ளி ரயிலேறிவிட்டாள். புதன்கிழமை ஓர் ஆட்டுக்கு நாள் குறித்திருக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியாது என்றாள். கிளம்பும்போது அக்காவின் வயிற்றில் கையை வைத்து, ஒரு நிமிடம் எடுக்காமல் நின்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் போய்விட்டாள்.

அந்தத் தேதியின் கதை இதுதான்.

உலகம்மையின் கணவர் முந்தின வருடம் ஆடி அமாவாசையன்று இறந்தார். வருடத்துக்குள் வீட்டில் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று வைகாசியில் பாண்டிக்கும் முத்துசெல்விக்கும் அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள். ஆனி பத்தாம் தேதி பாண்டி ரயிலேறினான். ஆடி அமாவாசைக்குத் தகப்பனாரின் தலைத்திவசம். பெற்ற மகன் வந்து எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று பாண்டி போனில் அழுதான். பெரியப்பா மகன் அவனுக்குப் பதிலாகக் குற்றாலத்துப் பேரருவிக் கரையில் உட்கார்ந்து பிண்டம் வைத்தான்.

சம்பந்தி முறைக்குப் பால்வண்ணநாதனும் போயிருந்தார். சாரல் விடாமல் விழுந்த நாள். கூட்டத்தை விட்டு விலகி, தேநீர் குடிக்கலாம் என்று ஐந்தருவிச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு லாட்ஜுக்கு எதிரே பஜ்ஜிக் கடை. அங்கே பனியனும் கைலியுமாகப் பாண்டி நின்றுகொண்டிருந்தான். ஈரத் தலையோடு பக்கத்தில் முத்துசெல்வி. அவன் பஜ்ஜியைப் பிட்டு ஊதிக் கொடுக்க, அவள் வாங்கித் தின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த அவளோ, ஆய்க்குடியில் கூடப் படித்தவள் வீட்டுக்குப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போனவள்.

நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. மூன்று வாரம் சேர்ந்திருந்து பிரிந்த பிள்ளைகள். வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாம். ஆனால் அரை மைல் தூரத்தில் அவன் தகப்பனுக்கு வேறொருவன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பழி பாண்டி மேல் விழாது என்பது பால்வண்ணநாதனுக்குத் தெரியும். தகப்பன் திவசத்தை மறக்கடித்தவள் என்று பெண்ணின் மேல்தான் விழும். பெண்ணின் மேல் விழுந்தால் பெற்றவன் மேல்.

அவர் திரும்பி அருவிக்கரைக்கு வந்தார். ஈரச் சேலையோடு உலகம்மை எதிரே வந்தாள்.

"அண்ணாச்சி, அவன் லீவு கேட்டானா, கேக்காமலே கிடைக்கலைன்னு சொல்லிட்டானான்னு என் மனசு அடிச்சுக்கிடுது. உங்ககிட்டயாவது ஏதும் சொன்னானா?"

தம் முன்னோர்களுக்கு விடுவதற்காக அவர் அப்போதுதான் இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளியிருந்தார். "இந்தத் தண்ணி சாட்சியாச் சொல்லுதேன் மைனி. மாப்பிள்ளை ஊருக்கு வரலை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த தண்ணீரை விட்டார். யாருக்கு விடுகிறோம் என்று ஒரு பெயரும் அந்த நேரம் அவர் வாயில் வரவில்லை.

ஆவணி கடைசியில் முத்துசெல்விக்கு மசக்கை. திருநெல்வேலியில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் கண்டிருந்த கணக்கைப் பின்னோக்கி எண்ணினால் நேராக ஆடி அமாவாசையில் போய் நின்றது. உலகம்மை விரல்விட்டு எண்ணத் தெரிந்தவள். ஊருக்கு வராத புருஷன், உண்டான மருமகள். அமாவாசையன்று கண்டதைச் சொன்னால் அவர் செய்த சத்தியம் பொய்யாகும். சொல்லாவிட்டால் மகள் கெட்டுப்போனவள் ஆவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மானம் போகும்.

மூன்றாவது வழி ஒன்று அவருக்குத் தோன்றியது. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வந்த சுகாதார நர்ஸ் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டபோது, மகளை முந்திக்கொண்டு "ஜூன் ஒம்பது" என்றார். பாண்டி ரயிலேறும் முன்பே உண்டானது என்று கணக்கு ஒத்துப்போயிற்று.

"நீங்க சொல்லுங்கம்மா, சரிதானா?" என்று நர்ஸ் கேட்டாள்.

முத்துசெல்வி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

முன்னே தள்ளியது ஐந்து வாரம்கூட முழுதாக இல்லை. அதனால் யாருக்கு என்ன கேடு என்று நினைத்தார். அந்த முதல் ஸ்கேனை மட்டும் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆவணத்தைக் கிழித்துப் பழகிய கை அல்ல அது. பீரோவில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முத்துசெல்வி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஈரம். "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

தென்காசியில் அவர்கள் வழக்கமாகக் காட்டுகிற சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் சண்முகப்பிரியா பரிசோதித்துவிட்டு, அட்டையையும் ஸ்கேன் தாள்களையும் மேசையில் பரப்பினாள். கடையத்திலிருந்து உலகம்மை அதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள்.

"அட்டைப்படி முப்பத்திநாலு வாரம் ரெண்டு நாள். குழந்தையோட அளவு முப்பதுதான் காட்டுது. முதல் ஸ்கேனை ஒவ்வொரு தடவையும் கேக்கேன், கொண்டாரவே மாட்டேங்கிறீங்களே சார்."

"வெள்ளையடிக்கயில எங்கயோ போயிட்டும்மா."

"தேதி நிச்சயம்தானே?"

அவர் வாயைத் திறக்கும் முன் உலகம்மை சிரித்தாள். "என்ன டாக்டரம்மா கேக்கிய? எம்மவன் ஆனி பத்துல ரயிலேறுனவன் இன்னும் ஊரு திரும்பலை. அதுக்குப் பொறவு ஒரு தேதி எங்கன இருந்து வரும்?"

கட்டிலில் கிடந்த முத்துசெல்வி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அன்று நர்ஸுக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. ஆனால் இப்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

"நிச்சயம்தான்" என்றார் பால்வண்ணநாதன்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். "அப்போ குழந்தைக்கு வளர்ச்சிதான் கம்மி, மாசம் சரியாத்தான் இருக்கு. மாசம் குறைஞ்சிருந்தா நுரையீரலுக்கு ஊசி போட்டிருப்பேன். முப்பத்திநாலு தாண்டிட்டதால வேண்டாம். இவங்களுக்குச் சர்க்கரை வேற ஏறியிருக்கு. அந்த ஊசி போட்டா இன்னும் ஏறும். வலியை நிறுத்த மருந்து கொடுக்கேன், பாப்போம்."

ஊசி என்ற சொல் அவர் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. நனைந்த பாலித்தீன் பை. காவி ஒட்டிய முதுகு. அவர் தொண்டையைச் செருமினார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். உலகம்மையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை" என்றார்.

பகல் முழுதும் மருந்து வேலை செய்தது. வலி அடங்கியது. இப்படியே ஒரு வாரம் தாங்கினாலும் தாங்கும் என்று நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு வாரத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்கு நடப்பதெல்லாம் மனுஷிக்கு நடக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது? கடவுளே பார்த்துத் தள்ளிப்போட்டிருக்கும்போது நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

சாயங்காலம் மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஆனந்தவள்ளி போன் செய்தாள்.

"இப்பம்தான் கொட்டகையை விட்டு வெளிய வந்து மெசேஜைப் பாத்தேன். அக்கா எப்படி இருக்கா? ஊசி போட்டாங்களா?"

"தேவையில்லைன்னுட்டாங்க. முப்பத்திநாலு தாண்டிட்டு."

"அப்பா, நான் வயித்தைத் தொட்டுப் பாத்தேன். எனக்குச் சரியாப் படலை. தேதி உறுதியா?"

"யாரைப் பாத்துட்டி கேக்க? நான் குடுத்த தேதி அது."

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. டாக்டர் நம்பரையாவது குடுங்க, நான் பேசுதேன்."

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க." டாக்டர் போகவில்லை. அவர் கிளம்பும்போது வார்டில்தான் இருந்தாள்.

"நான் இன்னைக்கே ரயிலேறுதேன்" என்று ஆனந்தவள்ளி வைத்துவிட்டாள்.

அவர் பீரோவைத் திறந்தார். பத்திரங்களுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கறுப்புப் படத்தில் அவரைக்காய் விதைபோல ஒரு வெள்ளைப் பொட்டு. கீழே தேதி. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மறுபடி வலி வந்தால் கொடுத்துவிடலாம் என்று தமக்குத் தாமே தவணை சொல்லிக்கொண்டார். வலி வந்த பிறகு அந்த ஊசிக்கு நேரமிருக்காது என்பது ஞாயிற்றுக்கிழமையே அவர் காதில் விழுந்திருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் வலி வந்தது. இந்த முறை எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. டாக்டர் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பக்கத்துப் பெஞ்சில் உலகம்மை கந்தசஷ்டி விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். "எம்மவன் உருவத்துலயே வரணும் முருகா" என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு என்றாள் நர்ஸ். அழுகைச் சத்தம் வரவில்லை. கதவு மூடுவதற்குள் வேறொரு சத்தம் வந்தது. சின்னதாக, விட்டு விட்டு ஒரு முனகல். பாரம் தூக்குகிறவர்கள் முக்குவதுபோல.

ஆனந்தவள்ளி அந்த நேரத்தில் தோளில் பையோடு வந்து சேர்ந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் குழந்தைகள் அறையின் கண்ணாடிக்குப் போய் நின்றாள். அவரும் பின்னால் போனார். விளக்குக்குக் கீழே உள்ளங்கை அகல நெஞ்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்து, முதுகோடு ஒட்டிவிடும்போல உள்ளே போய் வந்தது. அடுத்த அறையிலிருந்து அவர் காதால் மட்டும் கேட்டிருந்த போன் படம் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

அவள் சத்தம் போடவில்லை. அவர் வளர்த்த பெண்.

"அப்பா, என் கொட்டகையில நூத்தி இருவத்தெட்டாம் நாள் குட்டி இப்படித்தான் முனகும். அதுகளுக்கு நாள் எழுதுனது நான். இதுக்கு எழுதுனது நீங்க. எத்தனை நாளுன்னு சொல்லுங்க."

"முப்பத்தி—"

"முப்பத்திநாலு வாரத்துப் பிள்ளை அழும்ப்பா. சின்னதா இருந்தாலும் கத்தி அழும். வளர்ச்சி கம்மின்னு நினைச்சு வெறும் ஆக்சிஜனை வச்சுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்காங்க. மாசமே பத்தலைன்னு தெரிஞ்சா இந்நேரம் குழாய் வச்சிருப்பாங்க. ஒவ்வொரு நிமிசமும் ஒட்டிக்கிட்டே வருது."

கண்ணாடிக்குள் அந்தக் குழி விழுந்தது, மீண்டது. அடுத்தது வர நேரமாயிற்று.

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். வெளியே வந்த டாக்டரிடம் நீட்டினார். முதுகை நிமிர்த்தி நின்று, ஸ்டேஷனில் வாக்குமூலம் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னார்: "அட்டையில இருக்கது பொய்த் தேதி. சொன்னது நான். என் மகளுக்கு அதுல பங்கில்லை. இதுதான் முதல் ஸ்கேன். முப்பது வாரம்தான் ஆகுது."

டாக்டர் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நேத்துக் காலையில இது என் கையில இருந்திருந்தா..." என்று தொடங்கியவள் முடிக்காமல் உள்ளே ஓடினாள். கூடவே ஆனந்தவள்ளியும் போனாள், யாரும் தடுக்கவில்லை. குழாய் வந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றினார்கள். நுரையீரலுக்குள் விடும் மருந்து இங்கே இல்லை, திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்று நர்ஸ் ஓடிக்கொண்டே சொன்னாள்.

உலகம்மை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. தை, மார்கழி, கார்த்திகை என்று பின்னோக்கிப் போய் ஓரிடத்தில் நின்றன.

"ஆடி அமாவாசை" என்றாள்.

"ஆமா மைனி."

"எம்மவன் வரலையே."

"வந்தாரு. குத்தாலத்துல இருந்தாரு. என் கண்ணால பாத்தேன். நாலு நாள் லீவுல வந்து..."

"நீங்க தண்ணி சாட்சியா வரலைன்னுல்ல சொன்னிய."

உலகம்மை போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவே இல்லை. பனி விழுந்தால் நாலைந்து நாள் அங்கே டவர் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"கையை நீட்டுங்க அண்ணாச்சி."

அறுபத்தெட்டு வயதில் அவரை யாரும் கையை நீட்டச் சொன்னதில்லை. நீட்டினார். அவள் ஊற்றினாள்.

"இப்பம் சொல்லுங்க. உள்ள கிடக்கது என் வீட்டுப் பிள்ளையா?"

"இந்தத் தண்ணி சாட்சியாச் சொல்லுதேன். அது உங்க வீட்டுப் பிள்ளைதான்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் இடுக்குகளின் வழியே சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டும் தரையில் விழுந்தது.

"அன்னைக்கும் இதே கைதான். இதே மாதிரி நிமுந்துதான் நின்னிய. ரெண்டுல எதை நான் எடுத்துக்கிட? எம்மவன் வாயால கேக்காம நான் அந்தப் பிள்ளையைத் தொடமாட்டேன்." சேலையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த முத்துசெல்விக்கு இது கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்ததும் நர்ஸ் ஒரு படிவத்தை அவர் முன்னால் நீட்டினாள். திருநெல்வேலியில் கேட்பார்கள், வீட்டுப் பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. பிறகு எழுதியது. நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, மனதில் ஒன்றும் இல்லாமல்தான் கேட்டாள்: "இது சரியான தேதிதானே ஐயா?"

அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆனந்தவள்ளியும் ஒரு நர்ஸும் குழந்தையின் மேல் குனிந்திருந்தார்கள். மகளின் கையில் குழாயின் நுனி கிடந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் தடுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி, "குமிழி வருதாட்டி?" என்று கேட்டார்.

"வருது."

வேகத்தடைகளில் வண்டி குலுங்கியது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் "வருது" என்றாள். அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் அவரிடம் அவள் பேசவில்லை.

ஆலங்குளம் பேருந்து நிலையத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டி தடுமாறி நின்றது. பின்னால் நர்ஸ் ஏதோ சொன்னாள். ஆனந்தவள்ளி பதில் சொல்லவில்லை. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. பால்வண்ணநாதன் கண்ணாடியைத் தள்ளக் கையைத் தூக்கினார். மகளே தானாக ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அந்தக் கை அப்படியே நின்றது.

லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை.